மில் வாசலில் திறந்த வாய்

பஞ்சு மில்கள் எல்லாம் மூடப்பட்ட பிறகுதான், எங்கள் நகரத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பதை மாநகராட்சி கண்டுபிடித்தது. மில்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அது யார் கண்ணிலும் படவில்லை. அப்போது எல்லோருக்கும் வேலை இருந்தது.

கண்டுபிடித்த வரலாற்றைச் சும்மா விட முடியாது என்பதால் 'நகர நினைவுப் பேணல் பிரிவு' என்று ஒன்று தொடங்கப்பட்டது. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த அறையை அதற்கு ஒதுக்கினார்கள். நாற்காலிகளைக் கொண்டுபோய் வைக்க வேறு இடம் இல்லாததால், அவையும் பழம்பொருட்கள் என்று அறிவிக்கப்பட்டு, பிரிவின் பொறுப்பிலேயே விடப்பட்டன.

பிரிவுக்குத் தலைவராக ஓர் உதவி இயக்குநர் வந்தார். அதுவரை குடிநீர், கழிவுநீர்ப் பிரிவில் இருந்தவர். குழாய் விஷயத்தில் கெட்டிக்காரர். ஒரு நாள் ஒரு மேன்ஹோல் மூடாமல் கிடந்தது. அதற்குள் ஒரு காரின் முன்சக்கரம் இறங்கியது. கார் ஆணையருடையது. மறுவாரமே, வரலாற்றில் அவருக்கு உள்ள ஆழ்ந்த ஈடுபாட்டைக் கருத்தில்கொண்டு அவர் இடமாற்றம் செய்யப்பட்டார்.

அவருக்கு இடப்பட்ட முதல் பணி, நகரத்தின் அன்றாட வாழ்க்கையைக் காட்டும் பழைய புகைப்படங்களைத் திரட்டிக் கண்காட்சி வைப்பது. பொதுமக்கள் தங்கள் வீட்டிலுள்ள படங்களைக் கொண்டுவரலாம் என்று அறிவித்தார்கள். மக்களும் வரிசையில் நின்று கொடுத்தார்கள். பெரும்பாலும் கல்யாணப் படங்கள். மிச்சமெல்லாம் ஸ்டூடியோவில் வரைந்து வைத்த நீர்வீழ்ச்சிக்கு முன்னால் விறைப்பாக நின்று எடுத்தவை. ஒருவர் அடுத்தவருடைய ஸ்கூட்டர்மேல் கைவைத்து நின்றார். யாரும் பல் விளக்கவில்லை, பஸ்ஸுக்கு ஓடவில்லை, சும்மா உட்காரக்கூட இல்லை. அந்தப் படங்களை வைத்துப் பார்த்தால், எங்கள் நகரத்தில் முந்தைய தலைமுறை முழுவதும் கல்யாணம் செய்துகொண்டு, உடனே நீர்வீழ்ச்சி பார்க்கப் போய்விட்டது என்றுதான் தோன்றும்.

கடைசியில் கைகொடுத்தது ஒரு மில்லின் இன்சூரன்ஸ் பீரோ. மில்லில் எது உடைந்தாலும், இடிந்தாலும், எரிந்தாலும் உடனே ஒரு படம் எடுத்து நஷ்டஈடு கேட்பது வழக்கமாம். விரிசல் விட்ட சுவர், சாய்ந்த விளக்குக் கம்பம், பாதி வெந்த பஞ்சுப் பொதி என்று கட்டுக்கட்டாக இருந்தன. அந்தப் படங்களின் ஓரங்களில், யாரும் கவனிக்காமல், வாழ்க்கை நடந்துகொண்டிருந்தது. விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் சாப்பாட்டு டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள். சாய்ந்த கம்பத்தடியில் இரண்டு பேர் ஒரே பீடியைப் பங்கு போட்டார்கள். எங்கள் நகரத்தை அக்கறையாக உற்றுப் பார்த்தது இன்சூரன்ஸ் கம்பெனி மட்டும்தான் என்பது தெளிவாயிற்று.

அவற்றில் ஒரு படம், லாரி மோதிய மெயின் கேட். இடது பக்கக் கம்பி வளைந்திருக்கிறது. கேட்டுக்குப் பின்னால் ஷிப்ட் முடிந்து தொழிலாளிகள் கும்பலாக வெளியே வருகிறார்கள். முன்னால் காக்கிச் சட்டை போட்ட ஒரு வாலிபர். கண் மூடியிருக்கிறது, வாய் அகலமாகத் திறந்திருக்கிறது, வலது கை முஷ்டியாக மடங்கித் தலைக்கு மேலே உயர்ந்திருக்கிறது.

உதவி இயக்குநர் படத்தைப் பார்த்தார். 'ஒருவர் சோம்பல் முறித்துக் கொட்டாவி விடுகிறார்' என்று கீழே எழுதி, ஒப்புதலுக்கு அனுப்பினார். ஆணையரிடமிருந்து அது திரும்பி வந்தது. கொட்டாவிக்குக் கண்ணாடிச் சட்டம் போட அரசுச் செலவில் இடமில்லை என்றும், விளக்கம் கண்காட்சியின் கண்ணியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்றும் ஓரத்தில் எழுதியிருந்தார். உதவி இயக்குநர் மத்தியானம் வரை யோசித்தார். பிறகு அடித்துவிட்டு எழுதினார்: 'உரிமைக் குரல். ஓங்கிய கை, அடங்காத வாய்.' ஒப்புதல் அன்றே வந்தது.

கண்காட்சியைத் திறந்துவைக்க அமைச்சர் வந்தார். அறைக்கு அன்று காலையில்தான் பெயின்ட் அடித்திருந்தார்கள். 'உரிமைக் குரல்' முன்னால் நின்றபோது அமைச்சருக்குக் கண்ணில் நீர் கோத்தது. பத்திரிகைகள் 'அமைச்சர் கண்கலங்கினார்' என்று எழுதின. பெயின்டைப் பற்றி எழுதவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் காய்ச்சல் என்றுதான் சொல்ல வேண்டும். இளவட்டங்கள் எங்கே நின்றாலும் முஷ்டியை உயர்த்தி, கண்ணை மூடி, வாயைப் பிளந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு 'மில் வாய்' என்று பெயர். பூட்டிக் கிடந்த மில்லின் கேன்டீனில் ஒருவர் காபிக் கடை வைத்தார். உட்கார பெஞ்ச் இல்லை என்று அந்தக் காலத்தில் ஸ்ட்ரைக் நடந்த கேன்டீன் அது. இப்போது பெஞ்ச் இல்லாமல் நின்றுகொண்டே குடிக்கும் அனுபவத்துக்குக் கூடுதல் கட்டணம். இதற்கெல்லாம் உச்சமாக, பழைய காக்கிச் சட்டைக்குக் கிராக்கி வந்தது. கல்லூரி மாணவர்கள், வக்கீல்கள், ஒரு வங்கியின் மேலாளர்கூட காக்கி போட்டார்கள்.

இந்தக் காக்கியால் பிழைத்தவர்களில் ஒருத்தி, மில்லையொட்டித் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் குடியிருந்த தையல்காரி. முன்னறையில் இரண்டு மிஷின் போட்டு, தலையணை உறையும் பள்ளிக்கூடச் சீருடையும் தைத்துக்கொண்டிருந்தவள். புருஷன் வெளியூர் பஸ் ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கும் நாளைவிட ரோட்டில் இருக்கும் நாள் அதிகம். மாமனார் மட்டும் எப்போதும் வீட்டில்தான். பழைய மில் தொழிலாளி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை ராத்திரி ஓடும் மூணாம் ஷிப்டே பார்த்தவர் என்பதால் தெருவில் அவருக்கு 'மூணாம் ஷிப்ட்' என்றே பெயர்.

தையல்காரி மடிப்புக் கலையாத புதுக் காக்கியில் சட்டை தைத்துக் கொடுத்தாள். வாங்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அழுக்கு எங்கே என்று கேட்டார்கள். அவள் சைக்கிள் கடையிலிருந்து கிரீஸ் வாங்கிவந்து, தைத்த கையோடு பூசிக் கொடுத்தாள். அப்போதும் ஒருவர் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். கறை வலது பக்கம் இருக்கிறது, படத்தில் இடது பாக்கெட்டில் அல்லவா இருக்கிறது என்று சண்டை பிடித்தார். தொழில் என்றால் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறவள் அவள். கறை எங்கே என்று நேரில் பார்த்து வருவதற்காகக் கண்காட்சிக்குப் போனாள்.

கறையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். மூக்கும் காதும் அவள் புருஷனுடையவை. ஆனால் புருஷனுக்கு அப்படி வாய் திறந்து பழக்கமில்லை. அது மாமனார்.

அவளுக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை. பெருமையால் மட்டுமல்ல. லைன் வீடுகளை மொத்தமாக இடித்துவிட்டு அங்கே அடுக்குமாடிக் கார் நிறுத்தம் கட்டப்போவதாகப் போன மாதம்தான் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கண்காட்சிக்கு வருகிறவர்கள் கார் நிறுத்த இடம் இல்லாமல் அவதிப்படுகிறார்கள் என்று அதில் காரணம் போட்டிருந்தது. வாசலில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த அம்மாளிடம் அவள் பேச்சுக் கொடுத்தாள். போராட்டம் நடந்த இடம் என்றால் அதையொட்டிய வீடுகளைக்கூட இடிக்கக் கூடாது, அதற்குச் சட்டம் இருக்கிறது என்று அந்த அம்மாள் சொன்னாள்.

மறுநாளே தையல்காரி மாமனாருக்குச் சலவைச் சட்டை போட்டு, கையைப் பிடித்து உதவி இயக்குநர் அறைக்கு அழைத்துப்போனாள். படத்தில் இருப்பது இவர்தான் என்று அவள் சொன்னதும் உதவி இயக்குநர் எழுந்து நின்றார். பழம்பொருள் நாற்காலிகளில் கால் உடையாத ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டு, பெரியவரை உட்காரவைத்தார். அன்று என்ன கோஷம் எழுப்பினீர்கள் என்று பணிவாகக் கேட்டார்.

"கோஷமா?" என்றார் மூணாம் ஷிப்ட். "அது கொட்டாவிங்க."

உதவி இயக்குநர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பெரியவரே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? என் வாய்தானே."

"கை ஓங்கியிருக்கே."

"சோம்பல் முறிச்சேன்."

அமைச்சர் அந்தப் படத்தைப் பார்த்துக் கண்கலங்கியிருக்கிறார் என்றும், ஓர் அமைச்சர் கொட்டாவிக்காகக் கண்கலங்கினார் என்று வெளியே தெரிந்தால் மாநகராட்சியில் யாரும் மிஞ்ச மாட்டார்கள் என்றும் உதவி இயக்குநர் எடுத்துச் சொன்னார். பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அமைச்சருக்காக வேண்டுமானால் இன்னொரு தடவை கொட்டாவி விட்டுக் காட்டுவதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் மிஷினை மிதித்தபடியே பேசினாள். கோபம் வந்தால் அவளுக்கு மிஷின் வேகமாக ஓடும்.

"மாமா, ஒரே ஒரு வார்த்தை. கோஷம் போட்டேன்னு சொல்லிட்டுப் போங்களேன். உங்களுக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

மூணாம் ஷிப்ட் சண்டைக்காரர் இல்லை. மில்லில் நடந்த ஸ்ட்ரைக்குகளில் பாதி அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது தொடங்கி, தூங்கிக்கொண்டிருந்தபோதே முடிந்தவை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் மனது இறங்கவில்லை.

"ராத்திரி பூரா நின்ன கால்ல நின்னு, அறுந்த நூலையெல்லாம் முடிச்சுப் போட்டுட்டு வெளிய வந்து விட்ட கொட்டாவிம்மா அது. அதுக்காக நான் ராத்திரியெல்லாம் வேலை பாத்திருக்கேன். அது வேற என்னமோன்னு சொல்லிட்டா, நான் பாத்த வேலை எங்க போகும்?"

"வேலைய யாரும் இல்லேன்னு சொல்லல மாமா. வீட்டைத்தான் இல்லேன்னு சொல்லப் போறாங்க."

மிஷின் நின்றது. அன்று அவர் சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்தார். தப்புச் செய்துவிட்டோம் என்று தோன்றினால் அவர் அப்படித்தான் செய்வார்.

விஷயம் ஆணையர் காதுக்குப் போயிற்று. ஒரு வாய் எதற்காகத் திறந்தது என்பதை அந்த வாய்க்குச் சொந்தக்காரரே முடிவுசெய்வது நிர்வாக நடைமுறைக்கு ஒவ்வாது என்று அவர் கருதினார். 'வாய்திறப்பு ஆய்வுக் குழு' அமைக்கப்பட்டது. வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர், பல் டாக்டர் ஒருவர், பாட்டு டீச்சர் ஒருவர் உறுப்பினர்கள். உதவி இயக்குநர் செயலாளர்.

குழு மிகுந்த சிரத்தையுடன் வேலை செய்தது. பல் டாக்டர் பெரியவரை வாய் திறக்கச் சொல்லி, படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். படத்தில் பல் இருக்கிறது, நேரில் இல்லை. எனவே இது அதே வாய் என்று உறுதியாகக் கூற இயலாது என்று குறித்துக்கொண்டார். பேராசிரியர் பழைய பத்திரிகைகளைப் புரட்டினார். அந்த வருடம் அந்த மில்லில் போராட்டமே நடக்கவில்லை. இதனால் அவர் சோர்ந்துவிடவில்லை. போராட்டம் நடக்காததைக் கண்டித்தே இவர் கோஷமிட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

கோஷம் என்றால் என்ன கோஷம் என்ற கேள்வி வந்தது. உலகத்தில் கோஷங்கள் இரண்டுதான், ஒன்று வாழ்க, மற்றது ஒழிக என்று பேராசிரியர் விளக்கினார். பாட்டு டீச்சர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, வாய் இவ்வளவு அகலமாக இருப்பதால் இது 'வா', ஆகவே 'வாழ்க' என்றார். ஒழிக என்றால் உதடு குவிந்திருக்கும் என்று செய்தும் காட்டினார். பேராசிரியர் பதறிப்போனார். மில் கேட்டில் நின்று ஒரு தொழிலாளி வாழ்க என்றால், முதலாளி வாழ்க என்றல்லவா ஆகும். அப்படிப்பட்டவருக்காகவா அமைச்சர் கண்கலங்கினார்?

இரண்டு கூட்டங்கள் இதிலேயே போயின. மூன்றாவது கூட்டத்தில் வழி கண்டுபிடித்தவர் உதவி இயக்குநர். எங்கே அடைப்பு இருக்கிறதோ அங்கே சுற்றிக்கொண்டு போவது குழாய்த் தொழிலில் சகஜம். வாழ்க, ஒழிக இரண்டிலும் 'ழ' இருக்கிறது, படம் எடுத்த நொடியில் இவர் 'ழ'வில் இருந்தார் என்று வைத்துக்கொள்ளலாமே என்றார்.

இவ்வளவு வாயைத் திறந்துகொண்டு யாரும் 'ழ' சொல்ல முடியாது என்று பாட்டு டீச்சர் ஆட்சேபித்தார்.

"டீச்சரம்மா," என்றார் உதவி இயக்குநர், "நம்ம ஊர்ல 'ழ'வை யாரு சரியாச் சொல்றாங்க?"

குழு ஒருமனதாகத் தீர்மானித்தது: படத்திலுள்ளவர் எழுப்பியது கோஷமே. அதில் 'ழ' இருந்தது உறுதி. மற்ற எழுத்துகள் பின்னர் முடிவு செய்யப்படும். இனி இவ்விடத்தில் இவ்விதமாகத் திறக்கும் வாய்கள் அனைத்தும் கோஷமிடும் வாய்களாகவே கருதப்படும். படத்திலுள்ளவர் இது கொட்டாவி எனத் தெரிவித்த கருத்தைப் பொறுத்தவரை, சம்பவத்தின்போது அவர் கண்கள் மூடியிருந்தமையால், நடந்ததை அவர் நேரில் பார்த்தவராகக் கொள்ள முடியாது.

லைன் வீடுகள் தப்பின. கார் நிறுத்தம் அடுத்த தெருவுக்குப் போயிற்று. அந்தத் தெருவில் அந்தக் காலத்தில் யாரும் வாயைத் திறந்து படம் எடுத்துக்கொள்ளவில்லை, அவர்கள்பாடு.

தீர்ப்பை மருமகள் படித்துக் காட்டியபோது மூணாம் ஷிப்ட் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனிமேல் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம் மாமா, மறுத்தும் பேச வேண்டாம், அது போதும் என்று அவள் கேட்டுக்கொண்டாள். வீடு தங்கியதில் அவருக்கும் நிம்மதிதான்.

"சரிம்மா. அந்த இடத்துல நான் வாயே திறக்கல."

மில் வாசலில் சிலை வைக்க உத்தரவாயிற்று. அரசாங்கச் சிற்பி பார்த்துப் பார்த்துச் செய்தார். முஷ்டியும் வாயும் உண்மையைவிடப் பெரிதாக வந்திருந்தன. முதல் மழையிலேயே வாயில் தண்ணீர் தேங்கி, கொசு வந்துவிட்டது. உதவி இயக்குநர் தமது பழைய அனுபவத்தைப் பயன்படுத்தி, வாயிலிருந்து உடம்பு வழியாக ஒரு குழாயை இறக்கி, குதிகாலில் வெளியே விட்டார். இந்தப் பிரிவுக்கு வந்த பிறகு அவர் மனநிறைவோடு செய்த வேலை அது ஒன்றுதான்.

திறப்பு விழாவுக்கு அமைச்சர் வந்தார். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். பந்தலுக்கு மேல் வெயில், பந்தலுக்குள் கூட்டம். முன்வரிசையில் ஆணையர், பேராசிரியர், பல் டாக்டர், பாட்டு டீச்சர், உதவி இயக்குநர். அவர்களோடு, வாக்குக் கொடுத்தபடி வாயை இறுக மூடிக்கொண்டு மூணாம் ஷிப்ட். பின்னால் லைன் வீட்டுச் சனம் முழுவதும். தையல்காரி கிரீஸ் கறையோடு தைத்த சட்டைகளில் பாதிக்கு மேல் பந்தலில் இருந்தன.

அமைச்சர் உழைப்பைப் பற்றிப் பேசினார். அதன் பெருமையைச் சொன்னார். பிறகு அந்தப் பெருமையின் சிறப்பைச் சொன்னார். நூல் நூற்பதையும் நூல் படிப்பதையும் ஒப்பிட்டார். முடிக்கப்போவதாக மூன்று இடங்களில் அறிவித்துவிட்டுத் தொடர்ந்தார். அப்போதுதான் ஆணையர் கை மறைவாக வாயருகே போயிற்று. ஆனால் கை போவதற்குள் வாய் திறந்துவிட்டது. அதைப் பார்த்த பேராசிரியருக்கும் திறந்தது. பல் டாக்டரைத் தொற்றியது. பாட்டு டீச்சர் 'ஆ' என்ற எழுத்தின் முழு அகலத்தையும் காட்டினார். அங்கிருந்து அது வரிசை வரிசையாகப் பின்னால் போய், பந்தலின் கடைசிவரை பரவியது. உட்கார்ந்து மரத்துப்போன கைகளைப் பலர் தலைக்கு மேலே தூக்கி நெட்டி முறித்தார்கள். சரியாக அந்த நொடியில் மேடை ஓரத்திலிருந்த பத்திரிகைப் படக்காரர் கூட்டத்தைப் படம் எடுத்தார்.

மறுநாள் முதல் பக்கத்தில் படம் வந்தது. ஆசிரியர் விழாவுக்கு வரவில்லை. படத்தை மட்டும்தான் பார்த்தார். 'மில் வாசலில் மீண்டும் வெடித்தது மக்கள் குரல்' என்று தலைப்புக் கொடுத்தார். மத்தியானத்துக்குள் போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. அனுமதி பெறாமல் கூட்டமாகக் கோஷமிட்டதற்காகப் படத்தில் வாய் திறந்திருந்த எல்லோருக்கும் நோட்டீஸ் போனது. ஆணையருக்கும் போனது.

ஆணையர் நேராகக் காவல் நிலையம் போய், தாம் கோஷமிடவில்லை என்று விளக்க வாயெடுத்தார். இன்ஸ்பெக்டர் மரியாதையாக நாற்காலி போட்டார். அவ்விடத்தில் அவ்விதமாகத் திறக்கும் வாய் கோஷமிடும் வாயாகவே கருதப்படும் என்று மாநகராட்சியே தீர்மானித்திருப்பதை எடுத்துக் காட்டினார்.

"அப்படியில்லன்னு சொன்னா எழுதிக்கிறேன் சார். அமைச்சர் பேசறப்ப கொட்டாவி விட்டேன்னு எழுதிக்கட்டுமா?"

ஆணையர் யோசித்தார். கோஷத்துக்குச் சின்ன அபராதம். கொட்டாவிக்கு என்ன என்பதை நினைக்கவே அவருக்குக் கலக்கமாக இருந்தது.

"கோஷம்தான் போட்டேன்," என்றார்.

பேராசிரியரும் கோஷம். பல் டாக்டரும் கோஷம். உதவி இயக்குநர் தாம் இரண்டு தடவை கோஷமிட்டதாக எழுதிக் கொடுத்தார். லைன் வீட்டுக்காரர்கள் அமைச்சருக்குப் பயப்பட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் முதல் பக்கத்தில் படம் வந்த பிறகு, தூக்கம் வந்தது என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

தம் பேச்சு மக்களை இப்படிக் கொந்தளிக்க வைத்துவிட்டதில் அமைச்சருக்கு அளவில்லாத மகிழ்ச்சி. வழக்கைக் கைவிடச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. இத்தனை பேர் ஒரே குரலில் எதையோ கேட்டிருக்கிறார்கள், கேட்டது எதுவானாலும் உடனே நிறைவேற்றப்படும் என்று அறிவித்தார். என்ன கேட்டார்கள் என்பதை மட்டும் தெரிவித்தால் போதும். ஒரே கோரிக்கையாக இருக்க வேண்டும். ஆய்வுக் குழுவின் முடிவுக்கு ஏற்ப, அதில் 'ழ' இருக்க வேண்டும்.

லைன் வீடுகளுக்கு நடுவிலிருந்த திடலில் எல்லோரும் கூடினார்கள். உதவி இயக்குநர் ஒரு பெரிய வரைபடத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அந்தத் தெருவுக்கு மொத்தமாக ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். அதிலும் காற்றுத்தான் முதலில் வரும். வீட்டுக்கு வீடு குழாய் போடுவதற்கு அவர் பழைய பிரிவில் இருந்தபோதே வரைந்து, யாரும் கையெழுத்துப் போடாமல் கிடந்த படம் அது. குழாயில் 'ழ' இருக்கிறது. அன்று அவர் முகத்தில் ஒரு களை இருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

முதலில் பேசிய பையன்கள் வேலை வேண்டும் என்றார்கள். வேலையில் 'ழ' இல்லை என்று தள்ளப்பட்டது. உழைப்பில் இருக்கிறதே என்று ஒருவர் எடுத்துக்கொடுத்தார். அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. சாலை, பள்ளி, விளக்கு எல்லாம் எழுத்துப் பிழையால் அடிபட்டுப் போயின. பஸ் ஸ்டாப்புக்கு நிழற்குடை கேட்கலாம் என்று ஒரு பேச்சு அடிபட்டது. உதவி இயக்குநரால் பொறுக்க முடியவில்லை. எழுந்து, வரைபடத்தை விரித்து, குழாய் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது.

அந்த நேரத்தில் சைக்கிள் கடைக்காரர் ஒரு சின்ன விஷயம் சொன்னார். பத்திரிகையில் வந்த படம் பொடியாக இருக்கிறது, தாளை மடித்த இடத்தில் தன் முகம் சரியாக மாட்டிக்கொண்டது என்றார். எனக்குப் பாதி முகம்தான் என்றாள் ஒருத்தி. பெரிசாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, வீட்டுக்கு ஒன்று கொடுத்தால் எப்படி இருக்கும் என்று யாரோ கேட்டார்கள். திடலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தண்ணீர் எப்படியும் பிடித்துக்கொள்ளலாம், பழகிப்போன விஷயம். இது ஒரு தடவை விட்டால் போய்விடும் என்றார்கள். புகைப்படத்தில் 'ழ' இல்லையே என்று உதவி இயக்குநர் ஈனசுரத்தில் சொல்லிப் பார்த்தார்.

"நிழற்படம்," என்றாள் தையல்காரி.

கைகள் உயர்ந்தன. இந்தத் தடவை நிஜமாகவே எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள். உதவி இயக்குநர் வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த தம் அறைக்கு நடந்தே போனார்.

அரசாங்கம் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த வாரமே ஒரு வேன் வந்தது. வாசலில் வைத்திருந்த குடங்களை ஓரமாக நகர்த்திவிட்டு, ஜனங்கள் வரிசையில் நின்று படம் வாங்கிக்கொண்டார்கள். மூணாம் ஷிப்டும் நின்றார். படத்தில் அவர் வாய் மூடியிருப்பதால் அவர் போராட்டத்தில் கலந்துகொண்டதாகத் தெரியவில்லை என்று சொல்லி, வேன்காரர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

தையல்காரி தன் பங்குப் படத்தை மிஷினுக்கு நேர் எதிரே மாட்டினாள். மூன்றாவது வரிசையில், முஷ்டியை உயர்த்தி, கண்ணை மூடி, வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கிறாள். சட்டை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டினாள். அன்றைக்குப் பந்தலே அதிர்ந்தது என்று சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அந்தச் சத்தம் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது.

ஒரு நாள் வேலை ஓய்ந்த நேரத்தில் மாமனார் படத்தருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மிஷினை நிறுத்தினாள்.

"மாமா, உங்க கதை வேற. நான் நிஜமாவே கோஷம்தான் போட்டேன்."

அவர் படத்திலிருந்த மருமகளையும், நேரே உட்கார்ந்திருந்த மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா கேட்டே?"

அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே யோசித்தாள்.

"அது ஞாபகம் இல்ல மாமா," என்றாள். "ஆனா சத்தமாக் கேட்டேன்."